கருவில் இறந்த குழந்தைக்கு: மருத்துவமனை முதல் கல்லறைத் தோட்டம் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

இது அன்பியப் பொறுப்பாளர்கள் (அன்பியம் என்பது பங்கில் அண்டை வீட்டார் சேர்ந்த சிறு செபக் குழு), உபதேசியார்கள், மரியாயின் சேனையினர், பிரசவ வார்டில் வேலை பார்க்கும் கத்தோலிக்கச் செவிலியர்கள், இந்தத் துக்கம் நேர்ந்த வீட்டார் ஆகியோருக்காக எழுதப்பட்டது. கருவான நொடியிலிருந்தே அது ஒரு மனிதப் பிள்ளை என்று விசுவசிக்கிறோம். அந்தப் பிள்ளை பிறக்காமலே போய்விட்டால் மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல் தடுமாறுகிறோம்.

குமரி மாவட்டத்தில் பல வீடுகளில் நடப்பது இதுதான்: ராத்திரியோடு ராத்திரியாக ஆண்கள் இரண்டு பேர் துணிப்பொதியை வாங்கிக்கொண்டு போய் எங்கேயாவது புதைத்துவிட்டு வருவார்கள். தாய்க்குப் பிள்ளையின் முகத்தைக் காட்டுவதில்லை, புதைத்த இடத்தைச் சொல்வதுமில்லை. அவள் மனம் தாங்காது என்று நினைத்துச் செய்கிற அவசரம் அது. பின்னால் அவளை அதிகம் வாட்டுவதும் அந்த அவசரமே. கீழே உள்ள படிகள் பெரும்பாலும் அதைத் தடுப்பதற்காகத்தான்.

1. முதலில் எத்தனை வாரம் என்று கேளுங்கள்

"நாலு மாசம்", "அஞ்சு மாசம்" என்று மாதக் கணக்கில் பேசினால் எல்லாம் குழம்பும். மருத்துவர்கள் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து வாரம் எண்ணுகிறார்கள். அடுத்து என்ன செய்ய முடியும் என்பதை அந்த எண்தான் சொல்லும்.

10, 12 வாரத்துக்கு முன் கரு கலைந்தால் உடல் தனியாகத் தெரியாமல், கட்டியும் சதையுமாகவே வெளியேறலாம். அதற்குப் பிறகு சிறிய உடல் தெரியும். 20 வாரத்தில் தலை முதல் குதிகால் வரை ஏறத்தாழ 25 செ.மீ., எடை 300 கிராம் அளவில் இருக்கும். விரலும் நகமும் காணலாம். 28 வாரம் முடிந்தபின் உயிரின்றிப் பிறந்தால் சட்டப்படி அது 'இறந்து பிறந்த குழந்தை'. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி 21 நாளுக்குள் பதிய வேண்டும், அதற்கான படிவம் எண் 3.

பலரும் தவறவிடுவது ஒன்று உண்டு. எத்தனை வாரமானாலும் சரி, வெளியே வந்தபின் ஒருமுறை மூச்சு விட்டாலும், இதயம் துடித்தாலும், கைகால் அசைந்தாலும் அது உயிருள்ள பிறப்பு. அப்போது பிறப்பையும் பதிய வேண்டும், இறப்பையும் பதிய வேண்டும். திருமுழுக்குக்கும் இடமுண்டு.

2. பங்கில் முன்கூட்டியே வைத்திருக்க வேண்டியவை

இந்தத் துக்கம் பெரும்பாலும் நடுச்சாமத்தில் வரும். அப்போது கடை தேடி ஓட முடியாது. ஒரு பங்குக்கு ஒரு பை போதும். அதை ஒரே ஆளின் பொறுப்பில் வையுங்கள். சக்ரிஸ்தி (கோயிலில் திருப்பலிப் பொருட்கள் வைக்கும் அறை) அலமாரியில் பூட்டி வைத்தால் தேவையான நேரத்தில் சாவி கிடைக்காது.

பையில் இருக்க வேண்டியவை: துவைத்து இஸ்திரி போட்ட வெள்ளை மல்துணி நான்கு (ஒன்று ஒரு மீட்டர்), வெள்ளை நாடா, மூடி போட்ட ஒரு சிறிய பாட்டில் சுத்தமான நீர், ஊசி இல்லாத 5 மி.லி. சிரிஞ்சு இரண்டு, கருப்பு ஸ்டாம்ப் பேட், கெட்டி வெள்ளைத் தாள், மெழுகுதிரி, திருமுழுக்கு வாசகமும் கீழே தரும் செபமும் பெரிய எழுத்தில் அச்சிட்ட அட்டை, மருத்துவமனைக்கு எழுதும் கடிதத்தின் நகல்.

பெட்டிகள் இரண்டு அளவில் தேவை. உள்ளளவு 25 செ.மீ. நீளத்தில் ஒன்று, 45 செ.மீ. நீளத்தில் ஒன்று. நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ சவப்பெட்டிக் கடையில் கிடைக்கும் குழந்தைப் பெட்டி 20 வாரப் பிள்ளைக்கு மிகப் பெரிது. தகப்பன் கையில் எடுக்கும்போது உள்ளே பிள்ளை உருளுவது தெரியும். அந்த அசைவை அவர் மறக்க மாட்டார். ஊர் ஆசாரியிடம் மாம்பலகையில் செய்து வாங்குங்கள்.

3. தாயின் உடலைக் கவனித்த பிறகே மற்றவை

"கலைஞ்சு போச்சு, ரெண்டு நாள் படுத்துக் கிடந்தா சரியாவும்" என்று வீட்டிலேயே வைத்திருப்பது ஆபத்து. ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேடு முழுக்க நனைந்து, அது இரண்டு மணி நேரம் தொடர்ந்தால், அல்லது காய்ச்சல், துர்நாற்றம், தலைசுற்றல் இருந்தால் 108-ஐ அழையுங்கள். தோள்பட்டை வரை பரவும் வலியோடு வயிறு இறுகினால் கருக்குழாயில் கரு தங்கி வெடித்திருக்கலாம். ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. சேதமடைந்த குழாயை அகற்றி உயிர் பிழைத்த தாய், பிள்ளையைக் கொன்றுவிட்டேனோ என்று பிறகு அழுவாள். தாயின் உயிரைக் காக்கச் செய்யும் அந்தச் சிகிச்சை கருக்கலைப்புப் பாவம் அல்ல என்று தெளிவாகச் சொல்லுங்கள். மனம் ஆறவில்லையென்றால் பங்குத்தந்தையிடம் அழைத்துப் போங்கள்.

தாயின் ரத்தம் நெகட்டிவ் வகையா என்று கேளுங்கள். ஆம் என்றால் 'ஆன்ட்டி-டி' ஊசி 72 மணி நேரத்துக்குள் தேவைப்படலாம். இதைத் தவறவிட்டால் அடுத்த பிள்ளைக்கு ஆபத்து வரக்கூடும். துக்கத்தின் நடுவே குடும்பம் இதை மறந்துவிடும். கூட நிற்கிறவர் நினைவூட்ட வேண்டும்.

டிஸ்சார்ஜ் தாளில் 'அபார்ஷன்' என்று எழுதியிருப்பதைப் பார்த்து வீட்டார் பதறுவார்கள். தானாகக் கலைந்ததற்கும் மருத்துவர்கள் அந்தச் சொல்லையே எழுதுகிறார்கள் என்று முன்பே சொல்லிவையுங்கள்.

4. உயிர் இருந்தால்: திருமுழுக்கு

திருச்சபைச் சட்டம் 871 சுருக்கமாகச் சொல்கிறது: கலைந்து வெளிவந்த கரு உயிரோடு இருந்தால், இயன்றவரை திருமுழுக்கு அளிக்க வேண்டும். அவசர வேளையில் அருள்பணியாளருக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. திருச்சபை செய்வதைச் செய்யும் எண்ணத்தோடு யார் வேண்டுமானாலும் அளிக்கலாம். செவிலியர், தகப்பன், பாட்டி, வார்டு ஆயா என்று எவரும் செய்யலாம்.

பெற்றோரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள். கணவர் சி.எஸ்.ஐ. அல்லது இந்துக் குடும்பமாக இருக்கும் வீடுகள் நம் பக்கம் நிறைய உண்டு. "பிள்ளைக்குத் திருமுழுக்குக் கொடுக்கட்டுமா?" என்று கேட்க இரண்டு நொடிதான் ஆகும்.

செய்யும் முறை:

சிரிஞ்சில் சிறிது நீர் எடுங்கள். தீர்த்தம்தான் வேண்டுமென்பதில்லை, சாதாரணச் சுத்தமான நீர் போதும். உள்ளங்கையில் பிடித்துக் குளிர் போக்குங்கள். குறைமாதப் பிள்ளையின் உடல் சூடு நொடியில் இறங்கிவிடும். பிள்ளை இன்குபேட்டரில் இருந்தால் செவிலியரின் அனுமதியோடு 1 மி.லி. போதும்.

தலையில் மூன்று முறை ஊற்றிக்கொண்டே சொல்லுங்கள்: "(பெயர்), தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயராலே நான் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்."

இதில் நான்கு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. ஈரப் பஞ்சால் நெற்றியில் ஒற்றி எடுப்பது முதல் தவறு. நீர் தோலின் மேல் ஓட வேண்டும், துளியளவானாலும் ஓட வேண்டும். ஒருவர் நீர் ஊற்ற மற்றவர் வாசகம் சொல்வது இரண்டாவது. இரண்டையும் ஒருவரே செய்ய வேண்டும். நீரை ஊற்றி முடித்துவிட்டு வாசகம் சொல்வது மூன்றாவது. "நாங்கள் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறோம்" என்று பாசத்தில் பன்மையாக்குவது நான்காவது. அப்படிச் சொன்னால் திருமுழுக்கு செல்லாது என்று வத்திக்கான் 2020-இல் தெளிவுபடுத்தியது. அச்சிட்ட அட்டையைப் பார்த்துப் படிக்கச் சொல்வது இதற்காகத்தான். கை நடுங்கும் நேரத்தில் மனப்பாடத்தை நம்பக் கூடாது.

உயிர் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகமாக இருந்தால் "நீ உயிரோடு இருந்தால்" என்று தொடங்கி அதே வாசகத்தைச் சொல்லுங்கள். பனிக்குடப்பை உடையாமல் கரு உள்ளேயே இருந்தால் நீர் பையில்தான் படும். மருத்துவரோ செவிலியரோ பையைத் திறந்த பிறகே ஊற்ற வேண்டும்.

முடிந்ததும் நேரம், ஊற்றியவர் பெயர், சாட்சியாக நின்ற ஒருவர் பெயர் ஆகியவற்றை எழுதி வையுங்கள். பங்குத்தந்தையிடம் தெரிவித்துத் திருமுழுக்குப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். பிள்ளை சில மணி நேரம் தாங்கும் என்றால் அருள்பணியாளரை அழையுங்கள். சாவு ஆபத்தில் எந்த அருள்பணியாளரும் உறுதிபூசுதல் அளிக்கலாம்.

5. உயிர் போய்விட்டது உறுதியானால்

இறந்த பிள்ளைக்குத் திருமுழுக்கு இல்லை. அருட்சாதனங்கள் உயிருள்ளவர்களுக்கானவை. பெற்றோர் கெஞ்சுவார்கள், கூட நிற்பவருக்கும் மனம் இளகும். ஆனால் நடக்காத ஒன்றை நடந்ததுபோல் காட்டினால் அவர்களின் ஆறுதல் பின்னால் உடைந்துவிடும். அதற்குப் பதிலாகக் கொடுக்க நம்மிடம் உண்மையான நம்பிக்கை இருக்கிறது.

"ஞானஸ்நானம் இல்லாத பிள்ளைக்கு மோட்சம் கிடையாது" என்று பாட்டிமார் சொல்வது இன்னும் ஓயவில்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி 1261-ஆம் எண்ணில் இத்தகைய குழந்தைகளைக் கடவுளின் இரக்கத்தில் ஒப்படைக்கிறது. அவர்களுக்கு மீட்பின் வழி உண்டென்று எதிர்நோக்க நமக்கு இடம் தருகிறது. 2007-இல் வத்திக்கானின் பன்னாட்டு இறையியல் ஆணையமும் இந்த எதிர்நோக்கை விளக்கி ஓர் ஆவணம் வெளியிட்டது. இதைப் பாட்டியிடமும் சொல்லுங்கள். தாயின் காதில் அடுத்து விழப்போவது பாட்டியின் பேச்சுதான்.

6. உடலைக் கேட்டு வாங்குதல்: தாமதித்தால் கிடைக்காது

இந்த வழிகாட்டியில் மிக அவசரமான படி இதுதான். 2016-ஆம் ஆண்டின் உயிரிமருத்துவக் கழிவு விதிகளின்படி, வெளியே பிழைக்கும் பருவத்தை எட்டாத கருவை மருத்துவமனை மஞ்சள் பையில் போட்டு எரிப்புக்கு அனுப்பும். யாரும் கேட்காவிட்டால் அதுதான் நடைமுறை. ஊழியர்கள்மேல் கோபப்படுவதில் பயனில்லை.

ஆகவே 'கிளீன்' (கருப்பையைச் சுத்தம்) செய்யும் முன்பே, அதாவது தாயைத் தியேட்டருக்குள் கொண்டுபோகும் முன்பே, டியூட்டி டாக்டரிடமும் வார்டு சிஸ்டரிடமும் சொல்லுங்கள். வாயால் சொன்னது ஷிப்ட் மாறும்போது மறைந்துவிடும். கணவரும் மனைவியும் கையெழுத்திட்ட ஒரு தாள் கேஸ் ஷீட்டோடு இணைந்திருந்தால் நிற்கும். அதில் எழுத வேண்டியது இவ்வளவுதான்: "எங்கள் மத நம்பிக்கையின்படி அடக்கம் செய்வதற்காக எங்கள் குழந்தையின் உடலை / கருவின் எச்சத்தை எங்களிடம் ஒப்படைக்குமாறு வேண்டுகிறோம். கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்வோம்." பங்கின் பெயர், தேதி, தொலைபேசி எண் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று மருத்துவர் சொன்னால் ஏன் என்று கேளுங்கள். மீண்டும் மீண்டும் கலையும் தாய்க்கு அந்தப் பரிசோதனை உதவலாம். அப்போது மறுக்க வேண்டாம், முடிந்தபின் திருப்பித் தரச் சொல்லுங்கள். பார்மலினில் (திசு கெடாமல் வைக்கும் ரசாயனம்) இருந்து வருவதைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். தொற்று காரணமாகத் தர முடியாது என்றால் வற்புறுத்த வேண்டாம். அதற்கான வழி படி 11-இல் உள்ளது.

உடலோடு ஒப்படைப்புக் கடிதம் ஒன்றும் வாங்குங்கள். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்தாலும் இது தேவை. திருவனந்தபுரத்தில் சிகிச்சை பெற்று களியக்காவிளை வழியாக வருகிறவர்களுக்கு இன்னும் தேவை. பதிவு எப்போதும் நிகழ்வு நடந்த இடத்தில்தான் நடக்கும். எனவே கேரளத்தில் நடந்ததைக் கேரளத்தில்தான் பதிய வேண்டும்.

வீட்டிலேயே வெளியேறிவிட்டால் சுத்தமான மூடியுள்ள பாத்திரத்தில் எடுத்துக் குளிர்ச்சியாக வைத்து, தாயோடு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். மருத்துவர் பார்த்த பிறகு திருப்பிக் கேளுங்கள். கழிப்பறையில் போய்விட்டிருந்தால் தாயைக் குற்றம் சாட்டும் ஒரு சொல்லும் யார் வாயிலிருந்தும் வரக் கூடாது. அவள் கையில் எதுவும் இருக்கவில்லை.

7. துடைத்தல், பொதிதல், தாய்க்குக் காட்டுதல்

வயிற்றுக்குள் சில நாட்களுக்கு முன்பே இறந்த பிள்ளையின் தோல் உரியும் நிலையில் இருக்கும். பஞ்சு ஒட்டிக்கொள்ளும், எடுக்கும்போது தோலும் வரும். தேய்த்துக் குளிப்பாட்டக் கூடாது. நனைத்த மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். வார்டில் வாசலின் தடவிய காஸ் கிடைத்தால் முதலில் அதைச் சுற்றி, மேலே மல்துணி சுற்றுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம். முகமும் ஒரு கையும் வெளியே தெரியும்படி விட்டு நாடாவால் தளர்வாகக் கட்டுங்கள்.

பாதச்சுவடு எடுக்க விரும்பினால் பொதியும் முன்பே எடுங்கள். ஈரத் தோலில் மை ஒட்டாது, பாதத்தை ஒற்றி உலர்த்திய பிறகே ஸ்டாம்ப் பேடு. தாளைப் பாதத்தின்மேல் அழுத்துங்கள், பாதத்தைத் தாளின்மேல் அழுத்த வேண்டாம். முதல் பதிவு அப்பிவிடும், இரண்டாவது மூன்றாவதில்தான் விரல்கள் தெளியும்.

பிறகு தாயிடம் கேளுங்கள். "பாக்கணுமா மக்களே? இப்ப வேண்டாம்னா கொஞ்ச நேரம் கழிச்சும் பாக்கலாம்." இப்படிக் கேட்டால் மறுக்கவும் அவளுக்கு வழியிருக்கிறது, மனம் மாறவும் இடமிருக்கிறது. தோல் நிறம் கருஞ்சிவப்பாக இருக்கும், தலை மென்மையாக இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். கணவரோ மாமியாரோ "காட்டாதீங்க" என்றால் அவர்களிடம் பொறுமையாகப் பேசுங்கள். முடிவு தாயுடையது.

8. பெயர் வைத்தல்

பெயர் வைப்பது திருமுழுக்கு அல்ல, பெற்றோரே வைக்கலாம். ஆணா பெண்ணா என்று தெரியாத சின்னக் கருவுக்கு இரண்டுக்கும் பொருந்தும் பெயர் நல்லது. அருள், அன்பு, ஜோதி போன்றவை. கருவாயிருக்கும்போது ஸ்கேனில் என்ன பிள்ளை என்று கண்டிருப்பார்களே என்று ஸ்கேன் சென்டரில் போய்க் கேட்காதீர்கள். 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர்கள் அதைச் சொல்லக் கூடாது.

9. பங்குத்தந்தைக்குச் சொல்லி அனுமதி பெறுதல்

திருமுழுக்குப் பெற்ற பிள்ளைக்கு அடக்கச் சடங்கு பற்றிக் கேள்வியே இல்லை. பெறாத பிள்ளைக்கும் உண்டு. பெற்றோர் திருமுழுக்குக் கொடுக்க எண்ணியிருந்து அதற்குள் இறந்த குழந்தைக்குத் திருச்சபையின் அடக்கச் சடங்கை மறைமாவட்டத் தலைவர் அனுமதிக்கலாம் என்று திருச்சபைச் சட்டம் 1183 சொல்கிறது. பங்குத்தந்தை ஆயர் இல்லத்தைத் தொடர்புகொண்டு கேட்பார். "சாமி, பிள்ளைக்குத் திருமுழுக்குக் குடுக்கத்தான் இருந்தோம்" என்று பெற்றோர் தெளிவாகச் சொல்ல வேண்டும். அனுமதிக்கு அடிப்படை அதுதான்.

எந்த ஆயர் இல்லம் என்பதில் நம் மாவட்டத்தில் குழப்பம் வரும். லத்தீன் வழிபாட்டு முறைக்குக் கோட்டாறும் குழித்துறையும், சீரோ-மலங்கரை வழிபாட்டு முறைக்கு மார்த்தாண்டம், சீரோ-மலபாருக்குத் தக்கலை. தூத்தூர் வட்டாரக் கடலோரப் பங்குகள் திருவனந்தபுரம் உயர் மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. தாய் பிறந்த வீட்டில் இருக்கும்போது இது நேர்ந்தால், அடக்கம் எந்தப் பங்கில் என்பதை முதலில் முடிவு செய்து, அந்தப் பங்கின் தந்தையிடம் பேசுங்கள். இரண்டு பங்கிலும் பாதிப் பாதி சொல்லிவைத்தால் இரண்டிலும் வேலை நடக்காது.

10. குழியும் அடக்கமும்

வீட்டு முற்றத்தில் தென்னைக்கு மூட்டில் புதைப்பது பழைய வழக்கம். வேண்டாம். நிலம் நாளை கைமாறும், வீடு கட்டக் குழி தோண்டுவார்கள். கல்லறைத் தோட்டத்துக்குள் அடக்கம் செய்யுங்கள், மதிலுக்கு வெளியே அல்ல. குடும்பக் கல்லறை இருந்தால் அதன் பக்கத்தில் இடம் கேட்கலாம்.

பெட்டி சின்னதுதானே என்று குழியை ஆழமில்லாமல் வெட்டுவார்கள். நாய் தோண்டிவிடும். மூன்றடிக்குக் குறையக் கூடாது. முட்டம், குளச்சல், மணக்குடி போன்ற கடலோர மணலில் நான்கடி வேண்டும். மணலில் பக்கம் சரியும் என்பதால் மேல்வாயை அகலமாக வெட்டி, பெட்டியை வைத்தபின் பாதி மண் நிரப்பி ஒரு பலகைக்கல் போட்டு மீதியை மூடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் குழியில் ஊற்று வரும். அப்போது தோட்டத்தின் மேட்டுப் பகுதியைக் கேளுங்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை, தாய் வார்டில் இருந்தால் மருத்துவமனையின் குளிர்சாதன அறையில் ஒரு நாள் வைத்துத் தரக் கேட்டுப் பாருங்கள். முடியாவிட்டால் தகப்பன் கையில் பெட்டி போகட்டும். புறப்படும் முன் தாயின் படுக்கையருகே ஐந்து நிமிடச் செபம் நடக்கட்டும். வார்டில் அனுமதித்தால் வீடியோ அழைப்பில் அடக்கத்தை அவள் பார்க்கலாம்.

திருமுழுக்குப் பெறாத குழந்தையின் அடக்கத் திருப்பலிக்கு உரோமைத் திருப்பலி நூலில் தனி மன்றாட்டுகள் உள்ளன. அவற்றின் கவனம் பெற்றோரின் ஆறுதல். திருமுழுக்கை நினைவூட்டும் பகுதிகள் வராததைக் குறையாக எண்ண வேண்டாம். வாசகத்துக்குப் புலம்பல் 3:22-26 பொருத்தமானது. படுக்கையருகே என்றால் திருப்பாடல் 139:13-16.

படுக்கையருகே செபிக்கும் ஒழுங்கு: சிலுவை அடையாளம். தகப்பன் பிள்ளையின் பெயரைச் சொல்கிறார். வாசகம். கொஞ்ச நேரம் மௌனம் (உபதேசியார்கள் இதைத்தான் தாண்டிப் போகிறார்கள், தாண்டாதீர்கள்). பிறகு இந்தச் செபம்:

"எல்லாம் வல்ல தந்தையே, இந்தப் பிள்ளையைத் தாயின் வயிற்றில் உருவாக்கியவர் நீர். நாங்கள் முகம் பார்க்கும் முன்பே நீர் பார்த்தீர். எங்கள் மடியில் தங்காத (பெயர்) உம் இரக்கத்தின் மடியில் இருக்கட்டும். சிலுவையடியில் நின்ற மரியே, இந்தத் தாயின் பக்கத்தில் நில்லும். சூசையப்பரே, சொல்லி அழ முடியாத இந்தத் தகப்பனைத் தாங்கும். தந்தையே, நாங்கள் எல்லாரும் ஒருநாள் உம் முன்னிலையில் இந்தப் பிள்ளையைக் காண அருள்தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக. ஆமென்."

ஒரு விண்ணுலகில் இருக்கிற தந்தையே, ஒரு அருள் நிறைந்த மரியே. தாயின் நெற்றியில் சிலுவை வரைந்து முடியுங்கள். ஐம்பத்து மூன்று மணி செபமாலையை அப்போதே தொடங்க வேண்டாம், அவளுக்கு உடம்பு தாங்காது. மாலையில் அன்பியத்தார் வீட்டில் சொல்லிக்கொள்ளலாம்.

அடக்கம் முடிந்த வாரத்துக்குள் பங்கின் அடக்கப் பதிவேட்டில் பெயரும் இடமும் ஏறியிருக்கின்றனவா என்று பாருங்கள். சின்னப் பிள்ளையின் குழிமேல் மண் சீக்கிரம் அமுங்கிவிடும். கல்லில் பெயர் பொறிக்கத் தாமதமானால் ஒரு சிமென்ட் சிலுவையாவது நாட்டுங்கள்.

11. உடல் கிடைக்காதபோது

மிகச் சிறிய கருவிலும், பல ஆண்டுகளுக்கு முன் நடந்ததிலும் அடக்கத்துக்கு எதுவும் இருக்காது. அப்போதும் பெயர் வைத்து, பங்குத்தந்தையிடம் ஒரு திருப்பலி கேட்கலாம். கருத்துச் சீட்டில் "கருவில் இறந்த எங்கள் பிள்ளை (பெயர்)-ஐ இறைவனின் இரக்கத்தில் ஒப்படைத்தும், பெற்றோரின் ஆறுதலுக்காகவும்" என்று எழுதினால் போதும். நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் குடும்பக் கல்லறைமேல் இந்தப் பிள்ளைக்கும் ஒரு மெழுகுதிரி வையுங்கள். டிசம்பர் 28 மாசில்லாக் குழந்தைகள் விழாவிலும் மார்ச் 25 மங்கள வார்த்தைத் திருநாளிலும் பங்கில் இத்தகைய பெற்றோர் எல்லாருக்கும் சேர்த்து ஒரு மன்றாட்டு சேர்க்கச் சொல்லலாம். எழுபது வயதுப் பாட்டி ஒருவர் அன்று முதன்முறையாகத் தன் பிள்ளைக்குப் பெயர் சொல்லக்கூடும்.

12. அடுத்த நாற்பது நாள்

ஐந்து மாதம் போல் ஆகியிருந்தால் மூன்றாம் நாள் வாக்கில் பால் கட்டும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நைட்டி நனைவதைப் பார்த்துத் தாய் நொறுங்கிப்போவாள். பீய்ச்சி எடுத்தால் இன்னும் ஊறும். நன்றாகப் பொருந்தித் தாங்கும் உள்ளாடையும், குளிர்ந்த துணி ஒத்தடமும், தேவையென்றால் மருத்துவர் தரும் மாத்திரையும் போதும். சிவந்து காய்ச்சல் வந்தால் உடனே காட்டுங்கள்.

"தீட்டு, நாற்பது நாள் கோயிலுக்குப் போகக் கூடாது" என்பார்கள். அப்படி ஒரு தடை திருச்சபையில் இல்லை. உடம்பு இடம் கொடுத்தால் அடுத்த ஞாயிறே திருப்பலிக்கு வரலாம், நன்மை (நற்கருணை) வாங்கலாம். வரமுடியாவிட்டால் அதுவும் பாவமில்லை. வேண்டுதல் வைக்கவும் நோன்பிருக்கவும் அவளைத் தூண்டாதீர்கள். ரத்தம் இழந்த உடம்புக்குச் சாப்பாடு வேண்டும்.

அன்பியத்தார் சேர்ந்து பத்துப் பேராகப் போகாமல் இரண்டிரண்டு பேராகப் போங்கள். கஞ்சியோ மீன்குழம்போ கொண்டுபோங்கள். "அடுத்த வருஷம் ஒண்ணு வரும்", "ஊனமா பிறந்து கஷ்டப்படுறதுக்கு இது நல்லது", "எதையாவது தூக்கியிருப்பா" போன்ற பேச்சை நிறுத்துங்கள். முதலாவது இறந்த பிள்ளையை எண்ணிக்கையிலிருந்து நீக்குகிறது. இரண்டாவது ஊனமுள்ள பிள்ளைக்கு வாழ்வு வேண்டாமென்கிறது. மூன்றாவது குற்றம் சாட்டுகிறது. "பிள்ளைக்கு என்ன பேரு வச்சீங்க?" என்று கேளுங்கள். தகப்பனிடமும் அதே கேள்வியைக் கேளுங்கள். எல்லாரும் அவரிடம் மனைவி எப்படி இருக்கிறாள் என்றுதான் விசாரிப்பார்கள்.

7-ஆம் நாள், 30-ஆம் நாள், சில வீடுகளில் 41-ஆம் நாள் செபம் உண்டு. மற்ற சாவுக்குச் செய்வதை இந்தப் பிள்ளைக்கும் செய்யுங்கள், விருந்து மட்டும் வேண்டாம். பிரசவத்துக்குக் குறித்திருந்த தேதியை அன்பியக் குறிப்பேட்டில் எழுதி வைத்து, அன்று ஒருவர் அந்த வீட்டுக்குப் போக வேண்டும். ஊர் மறந்தபின் தாய்க்கு மிகக் கடினமான நாள் அது.

13. மனமறிந்து கலைத்தவர் உங்களிடம் வந்தால்

பல வருடம் பொத்தி வைத்ததை யாராவது சொல்லக்கூடும். யார் வற்புறுத்தியது, எங்கே செய்தது என்று துருவாதீர்கள். அது மிகக் கனமான பாவம்தான் என்பதை அவர் ஏற்கெனவே அறிவார், அதனால்தான் வந்திருக்கிறார். "எனக்குப் பாவமன்னிப்பே கிடையாது, ஆயரிடம்தான் போக வேண்டும்" என்ற பயம் பலருக்கு உண்டு. 2016 நவம்பர் 20 தேதியிட்ட திருத்தூது மடலில் திருத்தந்தை பிரான்சிஸ் எல்லா அருள்பணியாளர்களுக்கும் இந்தப் பாவத்தை மன்னிக்கும் அதிகாரத்தைக் கொடுத்தார். எந்தப் பங்கிலும் பாவசங்கீர்த்தனம் செய்யலாம். சொந்தப் பங்கில் கூச்சமென்றால் அடுத்த ஊருக்குப் போகலாம், கூடத் துணைக்குப் போங்கள். வற்புறுத்திய கணவர், மாமியார், பணம் கொடுத்தவர் ஆகியோருக்கும் அந்தப் பாவசங்கீர்த்தனம் தேவை. அந்தப் பிள்ளைக்கும் பெயர் வைக்கலாம், படி 11-இல் சொன்னதைச் செய்யலாம். கேட்டதை வேறு யாரிடமும் வாய்திறக்கக் கூடாது, அன்பியச் செபக் கருத்தாகவும் சொல்லக் கூடாது.

14. விடுப்புத் தாள்கள்

வேலை பார்க்கும் தாய்மார் இரண்டாம் வாரமே திரும்பிவிடுகிறார்கள், கேட்டால் கிடைக்கும் என்று தெரியாததால். மகப்பேறு நலச் சட்ட விதிகளின்படி, அது பொருந்தும் வேலையிடங்களில், கருச்சிதைவுக்கு மறுநாளிலிருந்து 6 வாரம் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. இ.எஸ்.ஐ. அட்டை உள்ள முந்திரி ஆலைத் தொழிலாளிகளுக்கும் 6 வாரப் பணப்பயன் உண்டு. இரண்டுக்கும் மருத்துவச் சான்று வேண்டும். டிஸ்சார்ஜ் ஆகும் நாளிலேயே வாரக் கணக்கும் தேதியும் எழுதி, மருத்துவர் கையெழுத்தும் முத்திரையும் உள்ள சான்று வாங்கி இரண்டு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நகல் ஒப்படைப்புக் கடிதத்தோடு வீட்டில் இருக்கட்டும். அடுத்த முறை கருவுறும்போது மருத்துவர் முதலில் கேட்கும் தாள் அதுதான்.